மருந்துச்சாலைப் படமும் சத்தியநேசன் சாரும்

செய்தி சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். நான் புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ‘நம் சபையின் மூத்த அங்கத்தினர் சத்தியநேசன் சார் சமாதானமாக நித்திரையடைந்தார்’ என்று இருந்தது. நான் நம்பவில்லை. அதை அனுப்பியவர் ஒருமுறை உயிரோடிருந்த ஒருவருக்கு இரங்கல் போட்டு, அந்த ஆளே வந்து கீழே நன்றி எழுதும்படி செய்தவர். அதோடு சத்தியநேசன் சாருக்கும் சமாதானத்துக்கும் எந்தக் காலத்திலும் ஒட்டியதில்லை. ஜெபத்தில் சபை முழுவதும் கண்ணை மூடியிருக்கும்போது ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பவர் அவர். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பவள்தான்.

அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். ஒற்றசேகரமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஷீபா எடுத்தாள். அவள் அங்கே அந்த நேரத்தில் போனை எடுத்ததே நான் நம்புவதற்குப் போதுமானதாக இருந்தது. நெஞ்சுவலி வந்து, நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றாள். அப்போதும் நான் உள்ளுக்குள், வழியில் எங்கே, எந்த வண்டியில், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் புத்தி எனக்குப் பிறவியிலேயே உண்டு. சாருக்கு அது உத்தியோகத்தில் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதற்கு அது ஒன்றே காரணம் என்றுதான் போன வாரம் வரை நினைத்திருந்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சத்தியநேசன் சார் எக்ஸைஸில், கள்ளச்சாராயம் பிடிக்கும் இலாகாவில், இருந்தவர். வேலைக்காலத்தில் பாதியை எல்லைச் சோதனைச் சாவடிகளில் கழித்தவர். தமிழ்நாட்டிலிருந்து வரும் வண்டிகளை நிறுத்தி, திறந்து, மோந்து பார்ப்பதுதான் வேலை. எங்கள் வீட்டுக்காரர் தாசையன் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறவர், களியக்காவிளைச் சந்தையிலிருந்து குன்னத்துகாலுக்கு வாழைக்குலை கொண்டுவருகிறவர். ஆகவே சாரைப் பற்றிய கதைகள் சபைக்கு வருவதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. ஒருநாள் தோவாளைப் பூக்கூடைகளோடு வந்த வேனைச் சார் நிறுத்தினாராம். கல்யாணத்துக்குப் போகிற பூ, வாடிவிடும் என்று டிரைவர் கெஞ்சியிருக்கிறான். சார் ஒரு பிச்சிப்பூவை எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, பூவில் இவ்வளவு மணம் இல்லையே என்றாராம். பூவின்மேல் யாரோ சென்ட் அடித்திருந்தார்கள். கூடைகளுக்கு அடியில் சாராயக் கேன்கள் இருந்தன. ‘மணம் தேவைக்கு மேல இருந்தா அது எதையோ மூடுது ஆக்கும்’ என்று அவர் சொன்னதை, வரிசையில் பின்னால் நின்ற எங்கள் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.

அடுத்தது எங்கள் வண்டி. எண்பது குலைகளையும் இறக்க வைத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சார் செய்ததைத்தான் எங்கள் வீட்டுக்காரர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, குலைகளைத் தானும் சேர்ந்து திரும்ப ஏற்றிக் கொடுத்தாராம். கடைசிக் குலையை வைத்ததும் வண்டியின் பலகையில் ஒரு தட்டுத் தட்டி, “தீர்ந்து. போ” என்றாராம், சந்தேகம் தீர்ந்தது என்பதுபோல. அதன் பிறகு பணி ஓய்வு பெறும்வரை அந்த வண்டியை அவர் நிறுத்தவே இல்லை. எனக்கு அதிலும் ஒரு சந்தேகம் வந்தது. நிறுத்தாமல் விட்டால் தைரியம் வரும், தைரியம் வந்தால் மாட்டுவான் என்று கணக்குப் போடுகிறாரோ என்று நினைத்தேன்.

ஓய்வு பெற்றபின் அவர் எங்கள் சபைக் கமிட்டிக்கு வந்தார். நான் அப்போது கமிட்டியின் செக்ரட்டரி. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்ததால் மினிட்ஸ் எழுதும் வேலை என் தலையில் விழுந்து, பிறகு இறங்கவே இல்லை. எங்கள் சபையில் திருவிருந்துக்குக் கடைத் திராட்சைரசம் கிடையாது. பெண்கள் ஐக்கியத்தில் யாராவது ஒருவர் திராட்சையைக் காய்ச்சி வடிகட்டி, புளிக்காத ரசமாகக் கொண்டுவர வேண்டும். அந்த மாதம் நான் காய்ச்சியிருந்தேன். ஆராதனை தொடங்குவதற்கு முன் சார் உள்ளறைக்கு வந்து குப்பியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். “புளிக்க ஆரம்பிச்சிட்டு டீச்சரே” என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஆனால் நாக்கில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நான் குப்பியைக் கவிழ்த்துவிட்டு, அவசரமாக வேறு காய்ச்சினேன். மலையாள ஆராதனை முடிந்தபின் நடக்க வேண்டிய திருவிருந்து அரைமணி நேரம் தள்ளிப்போனது. ஏன் தாமதம் என்று எல்லோரும் கேட்டார்கள். சார் வாயைத் திறக்கவில்லை. அன்று மட்டுமல்ல, என்றைக்குமே திறக்கவில்லை. ஒருவர் பேசாமல் இருந்தால் பிறகு பேசுவதற்காகச் சேர்த்து வைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். காத்திருந்தேன்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். நம் சபைக் கூடத்தின் மேற்குச் சுவரில் தொங்கும் ‘மருந்துச்சாலை ஜெபம்’ படத்தைத் தெரியாமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார நர்சம்மா ஊருக்குத் திரும்பும்போது சபைக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டியில் அது இருந்ததாம். பலகை மச்சுப் போட்ட ஒரு பெரிய அறை. நடுவில் ஒரு கிழவர் அகலமான தாள் ஒன்றைத் தூக்கிப் பிடித்து வாசிக்கிறார். தொப்பி வைத்த ஆட்கள் பெஞ்சுகளில் இருந்து கேட்கிறார்கள். இடது மூலையில் கூரை வரை போகும் மர அழி, ஜன்னல் கம்பி மாதிரியான தடுப்பு. அதற்குப் பின்னால் ஒரு தடித்த ஆள், அலமாரி நிறையக் குப்பிகள். அழியின் முன் ஒருவன் முழங்கையை ஊன்றி, கையில் கிளாஸோடு நிற்கிறான். வாசலில் இருந்து ஒரு பெண், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அவன் தோளைத் தொடுகிறாள்.

பழைய உபதேசியார் ஒவ்வொரு வருடமும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திக் குடை நுனியால் காட்டிச் சொல்லுவார். மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பதற்கு முன் ஒருவர் வேதம் வாசிப்பார், எல்லோரும் ஜெபிப்பார்கள், பிறகுதான் கம்பவுண்டர் அழியின் வழியாக மிக்சர் நீட்டுவார். எங்கள் அம்மாமார் எல்லோரும் அப்படி மருந்து குடித்தவர்கள். ஆகவே அந்தத் தாள் வேதவசனம், அழிக்குப் பின்னால் நிற்பவர் கம்பவுண்டர், குப்பிகள் எல்லாம் மருந்து. அழியின் முன் நிற்பவன் குடியால் கெட்டவன், குடியை விடுவதற்கு மருந்து வாங்க வந்திருக்கிறான், மனைவி தைரியம் சொல்லுகிறாள் என்று குடை நுனி அங்கே போய் முடியும். இதில் சந்தேகப்பட ஒன்றும் இருப்பதாக எனக்கே படவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அது வெறும் படம் இல்லை என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பார். ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை, ஊரே பார்த்தது. ஊர் பார்க்காத ஒன்றும் உண்டு. எங்கள் மகள் ஜெஸிக்கு ஆறு வயதாக இருக்கும்போது, ஒரு மத்தியானம் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு கள்ளுஷாப்பின் வாசல் வரை போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி இருந்தார். உள்ளே போய் அவர் தோளைத் தொட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பிள்ளையோடு திரும்பி வந்துவிட்டேன். அதற்குச் சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில், நான் ஓய்வுநாள் பள்ளி முடிக்கும்வரை அவர் கூடத்தில் ஒதுங்கி நின்றார். நான் வந்தபோது அந்தப் படத்தின் முன் நின்றுகொண்டிருந்தார். அந்த வாரத்திலிருந்து அவர் குடிக்கவில்லை. காரணம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. உபதேசியார் சொன்ன அந்த மனந்திரும்பிய ஆளைப் பார்த்துத்தான் இவருக்கும் மனம் திரும்பியது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்று தொட்டு, சனிக்கிழமை தோறும் அந்தப் படத்தின் கண்ணாடியை நான்தான் துடைக்கிறேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. அதே பத்தொன்பது வருடமும், அவர் கழற்றிப் போடும் சட்டையைத் துவைக்கும் முன் மோந்து பார்க்காமல் வாளியில் போட்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படத்தை முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே சார் பார்க்கத் தொடங்கினார். மற்றவர்கள் பட்ஜெட் பேசிக்கொண்டிருக்க, அவர் பார்வை என் தலைக்கு மேலே இருந்தது. கூட்டம் முடிந்ததும் எழுந்துபோய் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“டீச்சரே, இது என்ன எடம்?”

மருந்துச்சாலை என்றேன். உபதேசியார் சொன்னதை எல்லாம் ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

“செரி. நோயாளி ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு சூக்கேடு காணும் இல்லியா? மருந்துக்கெல்லாம் ஒரே நெறம் ஆக்கும். கம்பவுண்டரும் தனக்கு ஒரு கிளாஸ் ஊத்தி வச்சிருக்காரு. அவருக்கு என்ன சூக்கேடு?”

நான் பார்த்தேன். கம்பவுண்டரின் கைக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் இருந்தது. அத்தனை வருடம் துடைத்தும் என் கண்ணில் அது பட்டதில்லை. தண்ணீராக இருக்கும் என்றேன். சார் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் மருந்தைச் சந்தேகிக்கிறார், படத்தைச் சந்தேகிக்கிறார், கடைசியில் எங்கள் வீட்டுக்காரரைத்தான் சந்தேகிக்கப் போகிறார் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. அந்தப் படத்தில் கை வைத்தால் இவர் விட்ட குடியில் கை வைத்த மாதிரி. அந்தக் குடி எதனால் நின்றது என்று தெரியாத எனக்கு, பிடித்துக்கொள்ள இந்த ஒரு ஆணிதான் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கோயிலுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையின் ஓரமாகச் சாரும் எங்கள் வீட்டுக்காரரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. சார் மழையைப் பற்றி ஏதோ சொன்னார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து என்ன பேச்சு என்று கேட்டேன். வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுப்பதைப் பற்றி என்றார் இவர். அன்றைக்குச் சட்டையை இரண்டு முறை மோந்து பார்த்தேன். ரப்பர் வாசம்தான் இருந்தது. ஆனால் மணம் தேவைக்கு மேல் இருக்கிறதோ என்று அதிலும் ஒரு நினைப்பு ஓடியது. சார் சொன்ன வார்த்தையை வைத்தே நான் சாரைப் பிடிக்கப் பார்த்தேன்.

ஒருமுறை அவரிடம் நேராகவே கேட்டேன், இப்படி எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு உங்களுக்கே அலுப்பு வராதா என்று. கோட்டுகாலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, சபை வேனில் எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தோம். “சந்தேகப்படியதில தப்பு இல்ல டீச்சரே. தீர்ந்தா விட்டிரணும். தீர்ந்த பெறகும் பிடிச்சிட்டு நிக்கது வேற சூக்கேடு ஆக்கும்” என்றார். எனக்குச் சொல்லுகிறாரா, பொதுவாகச் சொல்லுகிறாரா என்று அதையும் நான் சந்தேகப்பட்டேன்.

பிறகுதான் அது நடந்தது. கூடத்துக்கு வெள்ளை அடிப்பதற்காகப் படத்தை இறக்கியபோது சட்டத்தின் அடிப்பக்கம் கரையான் பிடித்திருந்தது. ஜெஸிக்கு நர்சிங் சேர்க்கை விஷயமாக நான் இரண்டு நாள் ஊரில் இல்லை. திரும்பி வருவதற்குள் சார் தானாகவே படத்தைப் பாறசாலையில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்ப் புதுச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். மெல்லிய, பளபளப்பான சட்டம். எனக்கு ஏதோ இடித்தது. அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறி அந்தக் கடைக்கே போனேன். கடைக்காரர் ஒன்றும் அறியாதவர். கடையில் இருந்த சட்டம் எல்லாம் மெல்லிசு, அடி ஓரம் வெளியே தெரியும் என்று சார் இரண்டு விரல் அகலம் வெட்டச் சொன்னார், வெட்டிய துண்டைக் கீழே போட விடாமல் அவரே மடித்து எடுத்துக்கொண்டு போனார் என்று சொன்னார்.

கரையான் தின்ற துண்டை யாராவது மடித்து எடுத்துப் போவார்களா? வரைந்தவரின் கையெழுத்து அங்கே இருந்திருக்கும், வெளிநாட்டில் அதற்கு விலை உண்டு, அல்லது நர்சம்மா எழுதிய ஏதோ குறிப்பு இருந்து அதைச் சார் மறைக்கிறார் என்று வழி நெடுக என் புத்தி ஓடியது. அடுத்த கமிட்டியில் எல்லோர் முன்னிலும் கேட்டேன்.

“செதல் தின்னுட்டு. வெட்டினேன்” என்றார்.

துண்டு எங்கே என்றேன்.

“இப்ப கையில இல்ல.”

வாழ்நாள் முழுவதும் வழக்குக்காகப் பிடித்த ஒரு தொண்டிமுதலைத் தொலைத்ததாகப் பேர் வாங்காத மனிதர் அதைச் சொன்னார். சபையின் உடைமையைக் கமிட்டியின் அனுமதி இல்லாமல் வெட்டிச் சேதப்படுத்தியவர் திரு. சத்தியநேசன் என்று எழுதவா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. “எழுதுங்க டீச்சரே. நடந்தது தானே” என்றார். நான் என் நல்ல கையெழுத்தில் எழுதினேன். அவர் அடியில் கையெழுத்துப் போட்டார். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. ஆறு வருடம் கடைசி பெஞ்சில் இருந்துவிட்டுப் போய்விட்டார். படத்தை வெட்டின சத்தியநேசன் என்று பிள்ளைகள்கூடச் சொல்லும் அளவுக்கு அந்தப் பேர் நின்றது. அதை நான் ஒருநாளும் தடுக்கவில்லை. வழியில் கண்டால் மட்டும் அவர் முன்போலவே, “டீச்சருக்கு சுகந்தானே?” என்று கேட்பார். தாசையன் எப்படி இருக்கிறார் என்று கேட்க மாட்டார். அதையும் நான் குறித்து வைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் ஷீபா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அடுக்களையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் உள்ளே வரவில்லை. முற்றத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு கவரைக் காட்டி ஏதோ கேட்டாள். இவர் கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் தலையைக் குனிந்து நின்றார். பிறகு தலையாட்டினார். கவரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து மேசையின்மேல் வைத்தார். அதன்மேல் சாரின் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘தொண்டி. சபைக்குரியது. டீச்சரிடம் கொடுக்கும் முன் தாசையனிடம் கேட்கவும்.’

உள்ளே இரண்டு விரல் அகலத்தில் நீளமான ஒரு தாள். ஒரு ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது, அது உண்மைதான். வரைந்தவரின் பெயர் அதோடு போய்விட்டது. மிச்சம் இருந்த இங்கிலீஷ் எழுத்தை வாசிக்க எனக்கு அதிகம் படிப்பு தேவைப்படவில்லை. அமெரிக்காவில் ஒரு கிராமத்து மதுக்கடை. அதன் கீழே பத்தொன்பதாம் நூற்றாண்டு வருடம் ஒன்று.

தாள் என் கையில் இருந்தது. நாற்காலியில் இருந்தேன். முதலில் வந்தது வெட்கம் இல்லை, பயம். இவர் இதை வாசித்துவிட்டாரா, இனி என்ன ஆகும் என்ற பயம். அவர் எதிரே வந்து இருந்தார்.

“அது கடையாக்கும் எண்ணு எனக்கு அண்ணைக்கே தெரியும்” என்றார்.

நான் தாளை மேசையின்மேல் வைத்தேன்.

“நான் எத்தன கடையில இருந்திருக்கேன். எனக்குத் தெரியாதா? அழிக்குப் பெறத்தால நிக்கவன் அந்தப் பொம்பளயப் பாக்கான். பெஞ்சில இருக்கவனும் ஒருத்தன் பாக்கான். அவ தொட்டவன் மட்டும் பாக்கல.” தாளை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார். “நீ ஜெஸியக் கூட்டிட்டு ஷாப்புக்கு வந்தியே. அண்ணு உன் மொகத்த நான் பாக்கல. அந்தப் படத்திலதான் பாத்தேன்.”

கொட்டகையின் ஓரத்தில் சார் கேட்டது, தாசையா அது என்ன இடம் என்று மட்டும்தானாம். இவர் கடை என்று சொல்லியிருக்கிறார். டீச்சருக்குத் தெரியுமா என்று சார் கேட்டிருக்கிறார். தெரியாது, ஜெபத்தில் நான் திருந்தினேன் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள், அந்த நம்பிக்கையில் அவள் வீட்டில் கொஞ்சம் தூங்குகிறாள், அதை எடுத்துவிடாதீர்கள் சாரே என்று இவர் கேட்டிருக்கிறார். சார் அப்போதும், “தீர்ந்து. போ” என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. பிறகு, பழைய அகலச் சட்டம் மறைத்திருந்த அந்த எழுத்து மெல்லிய சட்டத்தில் வெளியே தெரியும் என்று வந்தபோது, அவர் யாரையும் கேட்காமல் வெட்டினார். வெட்டியதை எறிந்துவிட அவருக்கு மனம் வரவில்லை, அது சபையின் பொருள். கொடுக்கவும் வழியில்லை. தன் பேரில் ஒரு குற்றத்தை என் கையாலேயே எழுத வைத்து, அதற்கு அடியில் கையெழுத்தும் போட்டுக்கொண்டார்.

மினிட்ஸில் அந்தப் பக்கம் எழுதிய அன்று நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று இவரிடம் கத்தினேன். சொல்லியிருந்தால் நீ படத்தை இறக்கியிருப்பாய் என்றார். அது சரிதான். இறக்கியிருப்பேன். இறக்கிவிட்டு, அதற்குப் பதிலாக இவரை இன்னும் கூடுதலாகக் காவல் காத்திருப்பேன். இவரை நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இரண்டு ஆண்கள் சேர்ந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அதில் நன்றியும் உண்டு, கோபமும் உண்டு. சத்தியநேசன் சாரே, என்னிடம் கேட்டிருக்கலாம். மோந்து பார்த்துப் புளித்திருக்கிறது என்று என்னிடம் நேராகச் சொன்ன அதே வாயால் இதையும் சொல்லியிருக்கலாம். நான் தாங்கியிருப்பேனோ என்னவோ, தெரியாது.

சபை மக்களே, இதை நான் எங்கள் வீட்டுக்காரரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நம் கூடத்தில் தொங்குவது மதுக்கடைப் படம். உபதேசியாரைக் குறை சொல்லாதீர்கள். மருந்துச்சாலையைத் தவிர வேறு இடத்தில் அழிக்குப் பின்னால் குப்பிகளைப் பார்த்திராத நல்ல மனிதர் அவர். அந்த இடம் என்ன என்று தெரிந்துகொள்ள இரண்டு பேரால்தான் முடிந்தது. ஒருவர் அங்கே குடித்தவர், மற்றவர் அங்கே பிடித்தவர். படத்தை வைத்திருப்பதா இறக்குவதா என்று கமிட்டி முடிவு செய்யட்டும். என் ஓட்டு வைத்திருப்பதற்கு. அந்தத் துண்டை நான் கமிட்டியிடம் ஒப்படைக்கிறேன். மினிட்ஸ் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் கீழே, சேதப்படுத்தியவர் என்று எழுதியவளின் கையெழுத்திலேயே, அது தவறு என்று எழுத அனுமதி கேட்டிருக்கிறேன். ஆறு வருடம் அவர் இருந்த கடைசி பெஞ்சை நினைத்தால், அது மிகவும் சின்னக் காரியம்.

எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அவருடைய இரண்டு வார்த்தைகளை மட்டும். அது எனக்கு இன்னும் சுலபமாக வாயில் வரவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டுக்காரர் சந்தையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி நாற்காலியின்மேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். நான் எழுந்துபோய் அதை எடுத்தேன். கை பழக்கத்தில் முகம் வரை வந்தது. தீர்ந்து, போ என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அதை அப்படியே வாளியில் போட்டு அமுக்கினேன்.